கை நடுங்கட்டும், தலையாட்டாதீர்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள்; போடவில்லை. பதிலைத் தபாலில் அனுப்பாமல் பத்திரிகையிலேயே எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே கதையை வேறு வேறு கையெழுத்தில் பலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன், சில நாள் போனேன், அப்புறம் போக முடியவில்லை என்பார்கள். நின்றதற்கு வீட்டில் ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள், உள்ளே வேறொன்று இருக்கும்.

நீங்கள் வீட்டில் சொன்ன காரணம் தலைவலி. எனக்கு எழுதிய காரணம் வேறு. மாஸ்டர் பின்னால் வந்து நின்று, “எங்கே, இதை சேவ் பண்ணிக் காட்டுங்க” என்றதும் கை ஓடவில்லை. காது சூடாகிவிட்டது. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் எட்டிப் பார்த்து, தானே மவுஸை வாங்கிச் செய்துவிட்டாள். “புரிஞ்சுதா?” என்று அவர் கேட்க, “புரிஞ்சுது சார்” என்று தலையாட்டினீர்கள். அன்றைக்கு ராத்திரி அதையே திரும்பத் திரும்ப நினைத்துத் தூக்கம் போனது. மறுநாள் மாடிப்படி வரை போய்த் திரும்பி வந்தீர்கள்.

முப்பத்தாறு வயதில் இது எனக்குத் தேவையா, நான் மக்குதானா, இது ஏதாவது வியாதியா, பேசாமல் யூட்யூப் பார்த்தே கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வயதை முதலில் தள்ளிவிடுவோம். 2017இல் மத்திய அரசு கிராமப்புறங்களுக்கென்று கொண்டுவந்த டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தில் 60 வயது வரை சேரலாம் என்றுதான் விதி இருந்தது. மொத்தப் பாடமே 20 மணி நேரம். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர், அடிப்படையைக் கற்றுக்கொள்ள அவ்வளவு போதும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். முப்பத்தாறு அந்தக் கணக்கில் சின்ன வயசு.

மக்கு விஷயத்துக்குக் கொஞ்சம் கரப்பான்பூச்சி வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராபர்ட் ஸயான்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965இல் ஒரு கருத்தை முன்வைத்தார். நன்றாகப் பழகின வேலையைப் பிறர் முன்னால் செய்தால் இன்னும் நன்றாக வரும். பழகாத வேலையைப் பிறர் முன்னால் செய்தால் தனியாகச் செய்வதைவிட மோசமாக வரும். 1969இல் அவரும் கூட்டாளிகளும் இதைக் கரப்பான்பூச்சிகளை வைத்துச் சோதித்தார்கள். வெளிச்சத்தைக் கண்டால் கரப்பான் ஓடும் அல்லவா? நேராக ஓடி இருட்டுப் பெட்டிக்குள் நுழைய ஒரு பாதை, திரும்பி நுழைய வேண்டிய இன்னொரு பாதை என்று இரண்டு அமைத்தார்கள். வேடிக்கை பார்க்க, பக்கத்தில் கண்ணாடி போன்ற பெட்டிகளில் வேறு கரப்பான்கள். நேர்ப்பாதையில் ஓடிய கரப்பான், பார்வையாளர்கள் இருந்தபோது வேகமாக ஓடியது. திருப்பம் உள்ள பாதையில் பார்வையாளர்கள் இருந்தபோது தாமதமானது. மானம், மரியாதை, “நாலு பேர் என்ன நினைப்பார்கள்” எதுவும் இல்லாத பூச்சிக்கே இந்தக் கதி.

குடும்ப விசேஷத்தில் அறுபது பேருக்குச் சாம்பார் வைக்கும்போது, சுற்றி எத்தனை பெண்கள் நின்று பேசினாலும் உங்களுக்குக் கை தடுமாறாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதே கை மவுஸ் மேல் தடுமாறுகிறது. சாம்பார் உங்களுக்கு நேர்ப்பாதை, ஃபைல் சேவ் பண்ணுவது திருப்பப்பாதை. மக்குத்தனத்துக்கு இதில் ஒரு பங்கும் இல்லை.

இதிலிருந்து எனக்கு ஒரு யோசனை. வகுப்பில் முதல்முறையாகச் செய்து பார்த்து, வீட்டில் வந்து பழகுவதுதான் எல்லோரும் செய்வது. உங்களைப் போன்றவர்கள் அதைத் திருப்பிப் போட வேண்டும். நாளைக்கு என்ன பாடம் என்று இன்றைக்கே கேட்டுக்கொண்டு, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் முதல்முறை செய்துவிடுங்கள். தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. வகுப்பில் நீங்கள் செய்வது இரண்டாவது முறையாக இருக்கட்டும். யூட்யூப்புக்கு உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆண்ட்ராய்டு போன் இருக்கிறதே. செல்போன் கடையில் ‘ஓ.டி.ஜி. கேபிள்’ என்று கேளுங்கள், விலை ரொம்ப இருக்காது. அதன் ஒரு முனையைப் போனில் செருகி, மறுமுனையில் சாதாரண யு.எஸ்.பி. கீபோர்டை மாட்டினால் பெரும்பாலான போன்களில் அப்படியே வேலை செய்யும். மவுஸை மாட்டினால் போன் திரையிலேயே அம்புக்குறி வரும். போனில் கூகுள் டாக்ஸைத் திறந்து டைப் அடிக்கலாம், கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி பழகலாம். நடுக்கூடத்தில் உட்கார்ந்து பண்ணாமல், அரிசி மூட்டை வைத்திருக்கும் உள்ளறையில் பண்ணினாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

கீபோர்டில் எஃப், ஜே எழுத்துகளின் மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கும். விரலால் தடவினால் தெரியும். இரண்டு ஆள்காட்டி விரலும் அங்கேதான் உட்கார வேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போனவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கீழே பார்க்காமல் விரல் இடத்தைக் கண்டுபிடிக்க வைத்த மேடு அது. பார்க்காமல் அடிக்கப் பழகிவிட்டால் கண் திரையிலேயே இருக்கும், யார் நம் கையைப் பார்க்கிறார்கள் என்று அடிக்கடி குனிந்து நிமிர வேண்டியிருக்காது.

இனி உங்கள் நடுங்கும் கைக்கு வருகிறேன். பல வருஷம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், புதியவர்களை அதிகம் அழ வைப்பது டபுள் கிளிக். பயத்தில் கை மெதுவாகும். முதல் கிளிக்குக்கும் இரண்டாவது கிளிக்குக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிடும். ஃபைலின் பெயர் மேல் அப்படி மெதுவாக இரண்டு முறை அழுத்தினால் கம்ப்யூட்டர் அதைத் திறக்காது. பெயரை மாற்றச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு பெயரை நீல நிறத்தில் காட்டும். அந்தப் பதற்றத்தில் ஏதாவது ஓர் எழுத்தில் கை பட்டால் போதும், பழைய பெயர் மறைந்து ‘க’ என்றோ ‘எஸ்’ என்றோ நிற்கும். ஃபைலையே அழித்துவிட்டோம் என்று நினைத்துப் பலர் திரையை அணைத்துவிடுவார்கள். ஒன்றும் ஆகியிருக்காது. இடது மூலையில் இருக்கும் எஸ்கேப் விசையை ஒரு தட்டுத் தட்டினால் பழைய பெயர் திரும்பி வந்துவிடும்.

டபுள் கிளிக்கே வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. ஃபைல் மேல் ஒரே ஒரு முறை கிளிக் செய்துவிட்டு என்டர் தட்டுங்கள், திறந்துகொள்ளும். கன்ட்ரோல் பேனலில் மவுஸ் என்ற இடத்துக்குப் போனால் டபுள் கிளிக் வேகத்தைக் குறைக்க ஒரு நகர்த்துபட்டை இருக்கிறது. மெதுவான கைக்காரர்களுக்கென்றே வைத்தது. உலகத்தில் மெதுவான கை இவ்வளவு இருக்கிறது என்று மைக்ரோசாஃப்டுக்குத் தெரிந்திருக்கிறது, நம் ஊர் மாஸ்டர்களுக்குத்தான் தெரியவில்லை. 1990இல் வந்த விண்டோஸ் 3.0இல் சாலிடேர் சீட்டாட்டம் வைத்ததற்கு, மவுஸைப் பிடித்து இழுத்துப் போட மக்கள் பழகட்டும் என்பதும் ஒரு காரணம் என்பார்கள். ஆகவே இடைவேளையில் சீட்டு விளையாடுங்கள். யாராவது கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கன்ட்ரோல் இசட் பற்றி முதல் நாளே யாரும் சொல்லித் தருவதில்லை, அது எனக்குத் தீராத ஆதங்கம். ஒரு பக்கம் டைப் செய்யுங்கள். கன்ட்ரோல் ஏ அழுத்தி மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து டிலீட் பண்ணுங்கள். வெள்ளைத் திரையை ஒரு நிமிஷம் பாருங்கள், வயிறு கலங்கட்டும். பிறகு கன்ட்ரோல் இசட். எல்லாம் வந்துவிடும். இதை வேண்டுமென்றே பல முறை செய்யுங்கள். ஃபைலை மூடிவிட்டால் மட்டும் இந்த வித்தை கை கொடுக்காது, அதை மறக்க வேண்டாம்.

இப்போது வியாதிக் கேள்வி. கூச்சம் வியாதியில்லை. ஆனால் பிறர் நம்மை எடைபோடுவார்கள் என்ற பயம் மாதக்கணக்கில் நீடித்து, கடைக்குப் போவது, போனில் பேசுவது, உறவினர் வீட்டு விசேஷம் என்று ஒவ்வொன்றாகத் தவிர்க்க வைத்தால், அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. சமூகப் பதற்றக் கோளாறு என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் 1980இல் இது தனி இடம் பிடித்தது. பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கும். எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோது குரல் போனது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. நான் டாக்டர் இல்லை, நோயைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். 2022இல் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண் அது. போனில் பேசுவதே கஷ்டம் என்றால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். பேச்சு வழி சிகிச்சையும், தேவைப்பட்டால் மாத்திரையும் இதற்கு நன்றாகவே பலன் தருகின்றன. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை.

டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995இல் இந்தப் பயம் எப்படி நீடிக்கிறது என்று விளக்கினார்கள். அதைப் படித்தால் உங்கள் கடிதத்தையே படிப்பது போல இருக்கும். நாலு பேர் நடுவில் போனதும் கவனம் வெளியே இல்லாமல் உள்ளே திரும்பிவிடும். முகம் சிவக்கிறதா, குரல் நடுங்குகிறதா என்று நம்மையே நாம் கண்காணித்துக்கொண்டிருப்போம். மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் சில தந்திரங்கள் செய்வோம். கடைசி வரிசையில் உட்காருவது, பக்கத்துத் திரையைப் பார்த்து அப்படியே அடிப்பது எல்லாம் அந்த வகை. வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பிரேதப் பரிசோதனை. தந்திரம் பலித்ததால்தான் தப்பித்தோம் என்று மனசு கணக்கு எழுதிவிடும், அதனால் பயம் குறையவே குறையாது.

உங்கள் தந்திரங்களில் பெரும்பாலானவற்றை நான் தொட மாட்டேன். கடைசி வரிசையிலேயே இருங்கள். துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடச் சொல்வேன்: புரியாதபோது “புரிஞ்சுது சார்” என்று தலையாட்டுவது.

ஏனென்று சொல்கிறேன். சேவ் பண்ணும்போது கம்ப்யூட்டர் கேட்பது, என்ன பெயர், எந்த இடத்தில் என்ற இரண்டு கேள்விதான். பெயரைக் கொடுத்துவிட்டு இடத்தைக் கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் டாக்குமென்ட்ஸ் என்ற இடத்தில் போய் உட்காரும். இணையத்திலிருந்து இறக்கியது டவுன்லோட்ஸ் என்ற இடத்தில் உட்காரும். இது புரியாமல் தலையாட்டிவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த வாரம் மெயிலில் ஃபைலை இணைக்கச் சொல்வார்கள். எங்கே வைத்தோம் என்றே தெரியாத ஃபைலை எங்கிருந்து எடுத்து இணைப்பது? அதற்கு அடுத்த வாரம் பென்டிரைவ், அதற்குப் பிறகு ஆன்லைன் விண்ணப்பத்தில் போட்டோவையும் கையெழுத்தையும் ஏற்றுவது. ஒரு தலையாட்டலுக்கு வட்டி கட்டிக்கொண்டே இருப்பீர்கள். கை நடுங்குவதால் எந்தப் பாடமும் கெடுவதில்லை. நடுங்கும் கையோடு சேவ் பண்ணினாலும் சேவ் ஆகும்.

பக்கத்தில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு ரகசியம் சொல்லட்டுமா? முன்னால் நின்று பாடம் நடத்துகிறவனுக்குத் தெரிவது மானிட்டருக்கு மேலே தலைமயிர் மட்டும்தான். சுற்றி வந்து பார்த்தால்தான் சங்கதி தெரியும். போனில் மின்னல் வேகத்தில் டைப் அடிக்கிற பையன், ஒரு பெரிய எழுத்து போட கேப்ஸ் லாக்கை அழுத்தி, எழுத்தை அடித்து, மறுபடி கேப்ஸ் லாக்கை அணைப்பான். ஷிஃப்ட் எதற்கு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டான், ஏனென்றால் அவன்தான் வகுப்பிலேயே கெட்டிக்காரன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். டிகிரி முடித்தவர்கள் இறக்கிய ஃபைலைக் காணோம் என்று அதையே திரும்பத் திரும்ப இறக்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்ட பிரதிகளாக நிரப்பி வைத்திருப்பார்கள்.

அவர்கள் உங்களைப் பார்க்கிறார்கள் என்று நீங்கள் நினைக்கிற அளவுக்கு அவர்கள் பார்ப்பதும் இல்லை. தாமஸ் கிலோவிச் என்ற கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியரும் கூட்டாளிகளும் 2000இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், மாணவர்களுக்கு ஒரு பாடகரின் படம் போட்ட, அணியக் கூச்சப்படும்படியான டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, பலர் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டதற்கு, ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள் போட்டவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிக்கும் குறைவு. அந்த அறையில் மற்றவர்களுக்கு முன்னால் கம்ப்யூட்டர் திரை இல்லை. உங்கள் வகுப்பில் இருக்கிறது, எல்லார் கண்ணும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மாஸ்டர் விஷயம் வேறு. அவர் பார்க்கத்தான் செய்வார், அது அவர் வேலை. ஆனால் மாணவர் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கித் தானே செய்து காட்டும் பழக்கம் இந்தத் தொழிலுக்கே பிடித்த பீடை. பார்த்தவருக்குக் கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. அடுத்த முறை யார் மவுஸை வாங்க வந்தாலும், “நீங்க செய்யாதீங்க, வாயால சொல்லுங்க, நான் செய்றேன்” என்று சொல்லிப் பாருங்கள். கல்லூரிப் பெண்ணிடமும் இதையே சொல்லலாம். அவள் நல்ல எண்ணத்தில்தான் செய்தாள், சொன்னால் புரிந்துகொள்வாள்.

தமிழ் டைப்பிங்கும் சொல்லித் தருகிறார்கள் என்றீர்கள். அதை விடாதீர்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கைப்பக்கம். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு. நடுவில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கிப் பழகிவிட்ட இளசுகளுக்கு இது புதுசு, தடுமாறுவார்கள். உங்களுக்கு மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. அந்த ஒரு பாடத்திலாவது எல்லோரும் ஒரே கோட்டில் நிற்பீர்கள்.

அரசு டைப்பிஸ்ட் வேலைக்காகத்தான் படிக்கிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. கணினிச் சான்றிதழாக டி.என்.பி.எஸ்.சி. கேட்பது தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் சி.ஓ.ஏ. தேர்வுச் சான்றிதழ். சென்டர்காரர் தன் பெயரில் அச்சடித்துத் தரும் பளபளப்பான சான்றிதழ் அதற்கு ஆகாது. உங்கள் சென்டர் அந்தத் தேர்வுக்கு அனுப்புகிறதா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அதில் செய்முறைத் தேர்வும் உண்டு. அறையில் கண்காணிப்பாளர் நடந்துகொண்டிருப்பார். அதற்கு முந்தைய சில வாரம், நன்றாகப் பழகிவிட்ட பாடத்தை மட்டும் எடுத்து, உங்கள் மகளைப் பின்னால் நிற்கச் சொல்லி அடித்துப் பாருங்கள். முதலில் தப்பு வரும். அப்புறம் வேகம் கூடும். கரப்பானுக்கு நேர்ப்பாதையில் நடந்தது உங்களுக்கும் நடக்கும்.

யூட்யூப் மட்டுமே போதாதா என்பதற்கு என் பதில், போதாது. நீங்கள் தேடுவது அலுவலக வேலை. மேஜைக்கு முன்னால் ஆள் நிற்கும், “சீக்கிரம் பிரின்ட் எடுங்கம்மா” என்று மேனேஜர் பின்னால் நிற்பார். யாராவது நிற்கும்போது வேலை செய்ய, சம்பளம் வாங்கும் இடத்தில் பழகுவதைவிட ஃபீஸ் கட்டும் இடத்தில் பழகுவது நல்லது.

கட்டின பணம் போனது போனதுதானா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். பல சென்டர்களில் நின்றவர்களை அடுத்த பேட்சில் சேர்த்துக்கொள்வார்கள், கேட்டால்தான் தெரியும். மாலையில் கல்லூரிக் கூட்டம் இருக்கும். முற்பகல் பேட்ச் இருந்தால் அதைக் கேளுங்கள், ஆள் குறைவாக இருக்கும். நேரில் போய்க் கேட்க வராது என்பது எனக்குத் தெரியும். அதனால் வாட்ஸ்அப்பில் அனுப்ப நானே எழுதித் தருகிறேன். அப்படியே பார்த்து அடித்து அனுப்புங்கள், டைப்பிங் பழகினது போலவும் ஆகும்:

“வணக்கம் சார். சாயங்கால பேட்சில் படித்துக்கொண்டிருந்தேன், இடையில் வர முடியவில்லை. திங்கட்கிழமை முதல் முற்பகல் பேட்சில் வர முடியுமா? ஃபைல் சேவ் பண்ணும் பாடம் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை, புரிந்தது என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து தொடங்க வேண்டும். பின்னால் நின்று பார்த்தால் எனக்குக் கை ஓடாது. செய்து முடித்துவிட்டு நானே கூப்பிடுகிறேன் சார்.”

அன்புடன்,
உங்கள் கணினிப் பக்க எழுத்தாளன்